இல்லாமையும் காணாமையும்

புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையிலே, ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பு கற்பிட்டிக் குடாநாடு ஆகும். அக்குடாநாட்டு ஊர்களுள் ஒன்று குறிஞ்சிப்பிட்டி. தமிழிலக்கியம் பயின்றார் எவரும் இப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு கணம் தயங்குவர். குறிஞ்சி என்பது மலையும் மலைசார்ந்த இடமும். இங்கோ கண்ணுக்கெட்டிய தூரம் மலையென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. தென்னையும் மணலும் உப்புக் காற்றுமே உள்ளன. ஐந்திணைப் பாகுபாட்டின்படி நோக்கின் நெய்தலுக்குரிய நிலமாகிய இதற்குக் குறிஞ்சியின் பெயர் வந்தவாறு யாது என்பது ஊர்ப்பெயராய்வார்க்கு உரிய வினா. பெயர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்பெயருக்குரிய பொருளைத் தவறான இடத்தில் தேடுவோர்க்கு நேரும் இடர்ப்பாடே இக்கட்டுரைக்குரிய விடயம். அவ்விடர்ப்பாடு இவ்வூர் மாணவன் ஒருவனுக்கு நேர்ந்த விதம் பொருட்படுத்தத்தக்கது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொரோனாத் தொற்று அபாயம் மிகுந்தவையென அறிவிக்கப்பட்ட மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்றாகையால், ஏனைய பல மாவட்டங்களில் இடையிடையே தளர்வு ஏற்பட்டபோதும் இங்கு அது நீடித்தது. பல்கலைக்கழகங்கள் அதற்கு முன்னரே மூடப்பட்டிருந்தன. கணினிக் கற்கைநெறியில் பயின்றுகொண்டிருந்த அம்மாணவன் தன் பெட்டியுடன் ஊர் வந்து சேர்ந்தான். ஐவர் கொண்ட குழுவொன்றில் அவன் ஓர் உறுப்பினன். குழுவினர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் இணையத்தளமொன்றை அமைத்து, ஏப்ரல் இறுதிக்குள் விரிவுரையாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவர்கள் தெரிந்தெடுத்த பொருள் புத்தளக் களப்பின் மீன்வளம். களப்பையே முற்றமாகக் கொண்டவன் அவன் என்பதால் பொருளைப்பற்றி எழுதும் பொறுப்பும், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் பொறுப்பும் அவனிடமே விடப்பட்டன.

தோற்றம் அமைத்தல் என்பது யாதெனச் சிறிது விளக்குதல் நன்று. இணையப் பக்கமொன்றின் உள்ளடக்கம் வேறு, அது கண்ணுக்குத் தோன்றும் விதம் வேறு. எழுத்தின் பருமன், நிறம், வரிகளுக்கிடையிலான வெளி, பத்திகளின் அகலம் ஆகியவற்றை வகுத்துரைக்கும் கோப்பினைப் பாணித்தாள் என்பர். நோர்வே நாட்டவரான ஹோகன் வியூம் லீ 1994ஆம் ஆண்டில் முன்மொழிந்த இம்முறை 1996 டிசம்பரில் நியமமாக வெளிவந்தது. எளிமை அதன் சிறப்பு. கூறியது கூறல் அதன் குறை. ஒரே நிறத்தை நூறு இடங்களில் எழுதிவிட்டுப் பின்னர் மாற்ற விரும்பினால் நூறு இடங்களிலும் மாற்றல் வேண்டும். இக்குறையை நீக்கும் பொருட்டு ஹாம்ப்டன் கேட்லின் என்பார் 2006இல் உருவாக்கி, நட்டாலி வைசன்பாம் என்பார் வளர்த்தெடுத்த மொழியே 'சாஸ்'. அதில் நிறத்துக்கு ஒரு பெயரிட்டு ஓரிடத்தில் வரையறுத்துவிட்டால் போதும். அதே நோக்குடன் 2009இல் அலெக்சிஸ் செலியர் உருவாக்கியது 'லெஸ்'. ஆயின் உலாவிகள் இம்மொழிகளை அறியா. ஆகவே எழுதியதைப் பழைய பாணித்தாளாக மாற்றித் தரும் கருவியொன்றை முனையத்தில் கட்டளையிட்டு இயக்க வேண்டும். இதனையே தொகுத்தல் என்கிறோம். (அண்மை ஆண்டுகளில் உலாவிகளே பெயரிட்ட மாறிகளையும், 2023 முதல் உள்ளடுக்கு விதிகளையும் ஏற்கத் தொடங்கியமையால் இத்தேவை ஓரளவு குறைந்துள்ளது. 2020இல் உள்ளடுக்கு விதிகளை உலாவிகள் ஏற்கவில்லை.)

மும்மொழித் தளத்துக்கு இம்மொழி பெரிதும் பயன்பட்டது. ஆங்கில எழுத்துக்குப் போதுமான வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்ட நம் எழுத்துகள் நெருங்கிய வரிகளில் ஒன்றோடொன்று உராயும். சிங்கள எழுத்துக்கும் இவ்விடர் உண்டு. மொழிக்கொரு வரியிடைவெளியை வரையறுத்து ஒரே கோப்பில் அடக்கி வைத்தான் அம்மாணவன். எழுதுங்கால் எல்லாம் சரியாகவே இருந்தது. தொகுக்கப் புகுந்தபோதுதான் வந்தது வினை.

அவன் கையிலிருந்தது மைத்துனன் ஒருவனின் பழைய மடிக்கணினி. மைத்துனன் கட்டாரில் உழைத்து வாங்கியது. ஊரடங்கு முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டியது. வின்டோஸ் அதில் நகர மறுத்தமையால், பல்கலைக்கழகத்தில் மூத்த மாணவரொருவர் உபுண்டுவை நிறுவிக் கொடுத்திருந்தார். இணையம் கைத்தொலைபேசி வழியாகவே வந்தது. பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களைக் கட்டணமின்றிப் பார்வையிட அக்காலத்தில் வசதி செய்யப்பட்டிருந்தது. ஆயின் மென்பொருட் பொதிகள் பல்கலைக்கழகத் தளங்களில் இருப்பனவல்ல. அவற்றை இறக்குவதற்கு டேட்டா வாங்க வேண்டும். டேட்டாவுக்குக் கடைக்குப் போக வேண்டும். கடை மூடியிருந்தது. அயல்வீட்டு இளைஞன் ஒருவன் தன் தொலைபேசியிலிருந்து கடனாக அனுப்பிய டேட்டாவைக் கொண்டே அவன் வேலை செய்தான். இச்சிறு விவரங்களைக் கூறாது விட்டால் பின்வருவதன் பாரம் புலப்படாது.

நோட் என்னும் இயக்கச் சூழலையும் என்.பி.எம். என்னும் பொதி மேலாளரையும் நிறுவினான். பின்னர் சாஸ் பொதியை எல்லா வேலைகளுக்கும் பொதுவாக நிறுவ முயன்றபோது, கணினியின் பொது அடைவில் எழுத அனுமதியில்லை என்ற மறுப்பு வந்தது. வழிகாட்டியொன்று கூறியவாறு, தன் வீட்டடைவினுள்ளே புள்ளியில் தொடங்கும் பெயருடைய புதிய அடைவொன்றை உண்டாக்கிப் பொதிகள் அங்கே போய்ச் சேருமாறு அமைத்தான். பொதி வெற்றிகரமாக நிறுவப்பட்டதென என்.பி.எம். அறிவித்தது. மகிழ்ச்சியுடன் 'சாஸ்' என்று தட்டி, கோப்பின் பெயரையும் தட்டினான். கட்டளை காணப்படவில்லை என்று வந்தது.

ஒரு சாட்சி 'வைத்தேன்' என்கிறது. மற்றொரு சாட்சி 'காணேன்' என்கிறது. வழக்கறிந்தார் ஒருவர் இவ்விடத்தில் இரண்டும் மெய்யாக இருக்கக்கூடுமோ என்று முதலில் ஆராய்வார். அம்மாணவன் அவ்வாறு ஆராயவில்லை. இரண்டாவது சாட்சியை நம்பி முதற் சாட்சியைப் பொய்யனாக்கினான். நிறுவியதை நீக்கினான், மீண்டும் நிறுவினான். அதுவும் பலிக்காதபோது நோட், என்.பி.எம்., அவற்றோடு வந்த நூற்றுக்கணக்கான சிறு பொதிகள் யாவற்றையும் களைந்துவிட்டு அடியிலிருந்து தொடங்கினான். கடன் வாங்கிய டேட்டா கரைந்தது. கோப்புச் சாளரத்தைத் திறந்து கண்ணாலும் தேடிப் பார்த்தான். புள்ளியில் தொடங்கும் பெயருடைய அடைவுகளை யுனிக்ஸ் மரபில் வந்த கணினிகள் வழமையாகக் காட்டுவதில்லை. ஆகவே கண்ணுக்கும் அது அகப்படவில்லை. மூன்று முறையும் கருவி அதே மறைந்த அடைவில் அசையாதிருந்தது.

இதில் உபுண்டுவுக்கும் பங்குண்டு. கட்டளை காணப்படாதபோது வெறுமனே அவ்வாறு கூறி நின்றுவிடாமல், அப்பெயருடைய கட்டளையைத் தரும் பொதி தன் களஞ்சியத்தில் உண்டாயின் அதனை நிறுவலாமே என்று ஆலோசனை கூறும் துணைநிரல் ஒன்று அதில் உண்டு. நல்லெண்ணத்தின் பாற்பட்டதே. ஆயினும், 'காணவில்லை' என்னும் கூற்றை 'இல்லை' எனப் பொருள் கொள்ளுமாறு அது வாசிப்பவனைத் தூண்டுகிறது. மேலும், இவனுக்கு அது பரிந்துரைத்தது ரூபி மொழியில் எழுதப்பட்ட பழைய சாஸ். அதற்கான பராமரிப்பு 2019 மார்ச் 26ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. உயிரோடிருப்பவனைத் தேடி வந்தவனுக்கு அதே பெயருடைய காலஞ்சென்றவனின் முகவரியைக் கொடுப்பது போன்றது இது.

இரண்டு நாட்கள் இவ்வாறு கழிந்தன. பல்கலைக்கழகம் புகும்வரை வீட்டில் கணினியொன்று இருந்தறியாதவன் அவன். திரையில் தோன்றிய ஆங்கில வரியை அவன் கணினி பற்றிய கூற்றாகக் கொள்ளாமல் தன்னைப் பற்றிய தீர்ப்பாகக் கொள்ளத் தொடங்கினான். தோற்றப் பொறுப்பை வேறெவர்க்கேனும் கொடுத்துவிடுமாறு குழுவுக்குச் செய்தியொன்றை எழுதிவிட்டான், அனுப்பவில்லை. அனுப்புமுன், உபுண்டு நிறுவிக் கொடுத்த மூத்த மாணவரைத் தொலைபேசியில் அழைத்தான்.

“நானா, சாஸ் இல்லெண்டு சொல்லுது.”

“இல்லெண்டு சொல்லுதா, காணல்லெண்டு சொல்லுதா, தம்பி? அந்த வரிய அப்புடியே வாசி.”

வாசித்தான். அவர் சிரித்தாரெனினும் ஏளனமாகச் சிரிக்கவில்லை. தேடும் இடங்களின் பட்டியலில் புதிய அடைவைச் சேர்க்க வேண்டும் என்றும், எக்கோப்பில் அதனை எழுத வேண்டும் என்றும் சொன்னார். இடையில் தொடர்பு அறுந்தது.

அவர் கூறிய பட்டியல் யாது? முனையத்தில் நாம் தட்டும் சொல்லை முதலில் வாங்கிக்கொள்வது 'ஷெல்' எனப்படும் நிரல். அது கணினியின் கோப்புகள் அனைத்தையும் துருவித் தேடுவதில்லை. அவ்வாறு தேடப் புகுந்தால் ஒவ்வொரு கட்டளைக்கும் நெடுநேரம் காத்திருக்க நேரும். 'பாத்', அதாவது வழி என்னும் மாறியில், அடைவுகள் சிலவற்றின் முகவரிகள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே வரியாக எழுதப்பட்டிருக்கும். ஷெல் அவற்றை இடமிருந்து வலமாக, எழுதிய ஒழுங்கிலேயே எட்டிப் பார்க்கும். முதலில் அகப்படுவதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். கடைசி அடைவிலும் அகப்படாவிடின் 127 என்னும் எண்ணைத் திருப்பிக் கொடுத்துக் 'காணப்படவில்லை' என்னும். கோப்பு அகப்பட்டும் அதனை இயக்க அனுமதி இல்லையெனின் எண் 126. இவ்விரு எண்களையும் வேறுபடுத்தி வைத்தவர்கள் சொல்லின் நுட்பம் அறிந்தவர்கள் என்றே கொள்ளல் வேண்டும்.

இவ்வேற்பாடு புதியதன்று. பெல் ஆய்வுகூடத்திலிருந்து 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல், பாத் மாறியுடன் வந்தது. அதற்கு முந்திய ஷெல்லில் தேடும் இடங்கள் நிரலினுள்ளேயே நிலையாகப் பொறிக்கப்பட்டிருந்தன. பயன்படுத்துவோன் மாற்ற இயலாது. பட்டியலை அவன் கையிற் கொடுத்தமை பெரிய உரிமை. உரிமையோடு வந்தது, அதனைக் குலைத்துக்கொள்ளும் வாய்ப்பும்.

அம்மாணவன் குலைத்துக்கொண்டான். தொடர்பு அறுந்தமையால் அவன் கேளாது விட்டது ஒன்றே: புதிய முகவரியை எழுதும்போது பழைய பட்டியலையும் அதனோடு சேர்த்து எழுத வேண்டும் என்பது. அவனோ பாத் மாறிக்குத் தன் மறைந்த அடைவின் முகவரியை மட்டும் கொடுத்து, ஷெல் தொடங்கும்போதெல்லாம் வாசிக்கும் கோப்பில் அவ்வரியைச் சேமித்துவிட்டான். முனையத்தை மூடித் திறந்தான். அடைவிலுள்ளவற்றைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையைத் தட்டினான், காணப்படவில்லை. கோப்பைக் காட்டும் 'கேட்' காணப்படவில்லை. திருத்தும் 'நானோ'வும் காணப்படவில்லை. நேற்றுவரை இருந்தவை யாவும் ஒரு வரியில் மறைந்துவிட்டன. மைத்துனனின் கணினியை அழித்துவிட்டோம் என்ற எண்ணம் அவனுக்கு முதலில் வந்தது. நள்ளிரவு கழிந்த நேரம் அது. அவன் கைகள் நடுங்கின என்று பின்னர் நண்பர்களிடம் சொன்னான், நம்பத்தக்கதே.

ஆயின் இரண்டு விடயங்கள் அவன் கவனத்தை ஈர்த்தன. அடைவு மாறும் 'சிடி' என்னும் கட்டளை மட்டும் வழமைபோல் இயங்கியது. ஏனெனில் அது தனிக் கோப்பன்று. ஷெல்லின் உள்ளேயே அமைந்த கட்டளை. வீட்டிலுள்ளவளை அழைக்க முகவரி வேண்டியதில்லை. மற்றையது இதனினும் வியப்புக்குரியது. எல்எஸ் காணப்படவில்லை என்று கூறிய அதே உபுண்டுத் துணைநிரல், அக்கட்டளை 'பின்' என்னும் அடைவில் இருக்கிறதென்றும், அவ்வடைவு பாத் மாறியில் சேர்க்கப்படாமையால் அதனைக் கண்டறிய இயலவில்லை என்றும் தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு நாட்களாகச் சாஸைப் பற்றி அவனுக்குச் சொல்லப்படாத உண்மை, எல்எஸ்ஸைப் பற்றி இப்போது சொல்லப்பட்டது. உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து வந்தவற்றின் இருப்பிடம் துணைநிரலுக்குத் தெரியும். அவன் தானே மறைந்த அடைவில் கொண்டுபோய் வைத்ததன் இருப்பிடம் அதற்குத் தெரியாது. அவனுக்கு மட்டுமே தெரியும்.

சாஸ் என்று தட்டிப் பார்த்தான். இம்முறை சாஸ் அகப்பட்டது! ஆயின் இயங்கவில்லை. அக்கருவி நோட்டின் தோளில் ஏறிச் செல்வது. அதன் முதல் வரியே நோட்டைத் தேடிப் பிடிக்குமாறு பணிக்கிறது. நோட்டோ பழைய பட்டியலிலிருந்த அடைவொன்றில் இருக்கிறது. ஆகவே நோட் என்னும் பெயரில் கோப்போ அடைவோ இல்லை என்று ஒரு புதிய வழுச்செய்தி வந்தது. இதனைக் கண்டு அவன் அஞ்சவில்லை. பேய் வீடென்று அஞ்சியிருந்த வீட்டில் விளக்கேற்றப்பட்டாற் போலிருந்தது. 'பின்' அடைவின் முழு முகவரியோடு நானோவின் பெயரைத் தட்டினான். நானோ திறந்தது. முழு முகவரி சொல்லப்பட்டால் ஷெல் தேட வேண்டியதில்லை, நேரே போய்விடும். தவறிய வரியைத் திருத்தி, புதிய முகவரியை முதலில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, பழைய பட்டியலின் பெயரையும் சேர்த்தான். திருத்தம் கோப்பில் ஏறினாலும் திறந்திருக்கும் ஷெல்லுக்கு அது தெரியவராது. மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டும், அல்லது புதிய முனையம் திறக்க வேண்டும். புதிதாகத் திறந்தான். பாணித்தாள் ஒரு நொடியில் தொகுக்கப்பட்டது.

சமையலறை விளக்கைக் கண்டு எழுந்து வந்த தாய், “என்ன மகன், இன்னும் இல்லெண்டா சொல்லுது?” என்று கேட்டார்.

“இரிக்கிது உம்மா. எல்லாம் இருந்த எடத்துலயே இரிக்கிது. தேடுற பட்டியல்லதான் இல்லாம இருந்திச்சி.”

“அப்ப எங்கட பேரு மாதிரி” என்றார் தாய்.

அத்தாய் மன்னாரிலே பிறந்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள், சிறுமியாகப் பெற்றோருடன் வந்து சேர்ந்தவர். அவர்களுட் பெரும்பாலானோருக்குப் புகலிடமானது புத்தளம் மாவட்டமே. கற்பிட்டிக் குடாநாட்டிலும் பலர் ஓலைக் கொட்டில்களில் குடியமர்ந்தனர். அலுவலகமொன்றில் தம் தந்தையார் நீண்ட வரிசையில் நின்றதையும், எழுதுவினைஞர் பட்டியலைப் புரட்டிப் பார்த்து அப்படி ஒருவர் இல்லை என்று கூறியதையும், தந்தையார் அவர் முன்னே நின்றுகொண்டிருந்ததையும் அத்தாய் அன்றிரவு மகனுக்குச் சொன்னார். பெயர் மன்னாரில் ஒரு பட்டியலில் இருந்தது. ஆள் புத்தளத்தில் இருந்தார். புத்தளத்துப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு ஆள் இல்லை. மன்னாருக்குப் போனால் பெயருண்டு, ஆள் இல்லை. எழுதுவினைஞரை அவர் குறை கூறவில்லை. “அவருக்குக் குடுத்த பொத்தகத்துல அவர் பாத்தாரு” என்றார். மகனுக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் அன்றுவரை இவ்வளவு விரிவாகக் கேட்டதில்லை. கணினியின் பட்டியலைத் திருத்த ஒரு முக்காற்புள்ளி போதுமாயிருந்தது. தந்தையாருக்கு அது ஆண்டுக்கணக்கில் அலைச்சலாயிற்று. இரண்டையும் ஒப்பிடுதல் முறையோ என்று கேட்கலாம். ஒப்பிட்டவர் அத்தாய், அவருக்கு அந்த உரிமை உண்டு.

பெயர்பற்றிய சிக்கல் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. பொதியின் பெயரும் கட்டளையின் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை என்பதை அம்மாணவன் குழுவினருக்கு உதவப் புகுந்தபோது அறிந்தான். அக்காலத்தில் பலரும் பயன்படுத்திய 'நோட்-சாஸ்' என்னும் பொதியை நிறுவிவிட்டுச் 'சாஸ்' என்று தட்டினால் ஷெல் காணாது. அப்பொதி தரும் கட்டளையின் பெயரும் நோட்-சாஸ் என்பதே. அது சார்ந்திருந்த லிப்சாஸ் என்னும் நூலகமும் அவ்வாண்டு ஒக்டோபரில் வழக்கொழிந்ததென அறிவிக்கப்பட்டது. இன்று நிலைத்திருப்பது டார்ட் மொழியில் எழுதப்பட்ட சாஸ் ஒன்றே. ஆகவே பழைய வழிகாட்டிகளைப் படிப்போர் முதலில் அவை எழுதப்பட்ட ஆண்டைப் பார்ப்பது நலம். நம் மாணவர் பலர் அதனைப் பார்ப்பதில்லை.

லெஸ்ஸின் நிலை இன்னும் வேடிக்கையானது. லெஸ் பொதியை நிறுவினால் வரும் கட்டளையின் பெயர் 'லெஸ்ஸி'. குழுவிலிருந்த மாணவி ஒருத்தி இதனையறியாது 'லெஸ்' என்றே தட்டினாள். வழுச்செய்தி வரவில்லை! ஏனெனில் லெஸ் என்ற பெயரில், நீண்ட கோப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டும் நிரலொன்று 1980கள் தொட்டே யுனிக்ஸ் உலகில் உண்டு. அது அவளுடைய பாணித்தாளைத் திறந்து மாற்றமேதுமின்றிப் பக்குவமாகக் காட்டிக்கொண்டிருந்தது. தொகுப்பு ஏன் நடக்கவில்லை என்று அவள் அரைநாள் குழம்பினாள். காணப்படாமையினும் வேறொன்று காணப்படுதல் கொடிது. முன்னதில் ஒரு செய்தியாவது வருகிறது. பட்டியலின் ஒழுங்கு இன்றியமையாததாவதும் இதனாலேயே: ஒரே பெயருடைய இரு கருவிகள் இரு அடைவுகளில் இருப்பின் முன்னே எழுதப்பட்ட அடைவுக்கே வெற்றி. எக்கருவி அகப்படுகிறது என்று ஐயமுற்றால் 'டைப்' என்னும் கட்டளையிடம் கேட்கலாம். அது இருப்பிடத்தைச் சொல்லும்.

இவ்வளவையும் பட்டறிந்தபின் அம்மாணவன் பொது நிறுவலையே கைவிட்டான். சாஸ் பொதியைத் திட்டத்தின் அடைவினுள்ளேயே நிறுவி, தொகுக்கும் கட்டளையை அத்திட்டத்துக்குரிய விவரக்கோப்பில் எழுதிவைத்தான். என்.பி.எம். வாயிலாக அக்கட்டளையை இயக்கும்போது, திட்டத்தின் உள்ளடைவு அந்நேரத்துக்கு மட்டும் பாத் பட்டியலின் முன்னே தானாகச் சேர்ந்துகொள்ளும். ஐவரும் ஒரே பதிப்பைப் பயன்படுத்துவர். எவர் பட்டியலையும் எவரும் தொட வேண்டியதில்லை. இதனை முதல் நாளே செய்திருக்கலாம். ஆயின் முதல் நாளே செய்திருந்தால், பாத் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரிந்திராது. இஃது ஆசிரியர்கள் சிந்திக்க வேண்டிய விடயம்: நம் பாடநெறிகளில் நிரல்மொழிகள் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன, அம்மொழிகளை இயக்கும் ஷெல்லோ பத்து நிமிடங்களில் கடந்து செல்லப்படுகிறது. வீட்டில் கணினி உள்ளவன் அதனைத் தமையனிடம் கற்றுக்கொள்வான். இல்லாதவன் எவரிடம் கற்பான்?

'காணப்படவில்லை' என்னும் தமிழ்த் தொடர் இவ்வகையில் ஆங்கிலத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. செயப்பாட்டு வினையாயினும், தேடல் ஒன்று நிகழ்ந்ததையும் அது பயனளிக்காததையும் அது சுட்டுகிறது. பொருளின் இருப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. பேச்சு வழக்கில் நாம் அதனை 'இல்லை' என்று சுருக்கிவிடுகிறோம். மொழிபெயர்ப்போரும் இடம் சிறிதென்று அவ்வாறே சுருக்கிவிடுதல் கூடும். அது பெருந்தவறாகும். அத்துடன் எங்கே தேடப்பட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பரெனின், குறிஞ்சிப்பிட்டி மாணவனைப் போன்றோர்க்கு இரண்டு நாட்களும் கடன் வாங்கிய டேட்டாவும் மிஞ்சும்.

குழுவுக்கு அனுப்பாது வைத்திருந்த செய்தியை அவன் அழித்துவிட்டு, நிறுவும் முறையைத் தமிழில் ஒரு பக்க அளவில் எழுதி அனுப்பினான். கிண்ணியாவிலிருந்த உறுப்பினன் மட்டும் தனக்கு அது பயன்படவில்லை என்று பதில் எழுதினான். அவனுடையது வின்டோஸ் கணினி. அங்கே செய்தியும் வேறு: உட்கட்டளையாகவோ புறக்கட்டளையாகவோ இது அடையாளங் காணப்படவில்லை என்பது. பட்டியலைப் பிரிப்பது முக்காற்புள்ளியன்று, அரைப்புள்ளி. பட்டியலைத் திருத்தியபின்னும் பழைய கட்டளைச் சாளரத்திலேயே மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருந்தான் அவன். மூடிவிட்டுப் புதிதாகத் திறக்குமாறு தொலைபேசியில் சொன்னதும் திறந்தான். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு பதினொன்றரை மணியளவில், கிண்ணியாவிலும் பாணித்தாள் தொகுக்கப்பட்டது.